சனிக்கிழமைச் சம்பளமும் க்ரைம் நாவலும்

2016 மே மாதம். சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, திருப்பூர் அருகே தேர்தல் பறக்கும் படை மூன்று கண்டெய்னர் லாரிகளை மடக்கியது. உள்ளே 570 கோடி ரூபாய் ரொக்கம். 'எங்கள் பணம்தான், கோவையிலிருந்து விசாகப்பட்டினம் போகிறது' என்றது பாரத ஸ்டேட் வங்கி. விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் சிபிஐ விசாரணை வரை நீண்டது. நெடுஞ்சாலை, நள்ளிரவு, மூன்று லாரி, கோடிக்கணக்கில் பணம். செய்தியைப் படித்த கொங்கு நாட்டுக்காரர்களில் ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு எழுத்தாளர் பெயர்தான் நினைவுக்கு வந்திருக்கும்.

ராஜேஷ்குமார். இயற்பெயர் கே. ஆர். ராஜகோபால். 1947-ல் கோவையில் பிறந்தவர். அறுபதுகளின் கடைசியில் சிறுகதையில் தொடங்கினார். 1980-ல் 'மாலைமதி' இதழில் வந்த 'வாடகைக்கு ஓர் உயிர்' அவரை நாவலாசிரியராக்கியது. அன்று முதல் இன்றுவரை எழுதியவை 1500-க்கு மேல். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு முப்பதுக்குக் குறையவில்லை. அதாவது மாதத்துக்கு இரண்டரை நாவல். 'எப்படி இவ்வளவு எழுதினார்?' என்று எல்லாப் பேட்டிகளிலும் கேட்டுவிட்டார்கள். அதைவிடச் சுவையான இன்னொரு கேள்வி உண்டு. மாதத்துக்கு இரண்டு மூன்று புத்தகம் வருகிறது என்றால், எது எப்போது வருகிறது என்று வாசகருக்கு யார் சொன்னது? விளம்பரத் தட்டி கிடையாது, வெளியீட்டு விழா கிடையாது, நாளிதழ்களில் மதிப்புரை கிடையவே கிடையாது. ஆனாலும் அடுத்த நாவலின் பெயர் வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

அந்த வேலையைச் செய்தது நாவலுக்குள்ளேயே இருந்த ஒரு பக்கம். 'அடுத்த மாதம்' என்ற அறிவிப்பு, தலைப்பு, கூடவே பதற வைக்கும் இரண்டு வரி. அதன் பக்கத்தில் வாசகர் கடிதங்கள், ஆசிரியரின் பதில், போன இதழைப் பற்றிய குறை நிறை. தமிழ்த் துப்பறியும் கதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ராஜேஷ்குமாரின் விவேக்கையும் ரூபலாவையும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தையும் சுசீலாவையும், சுஜாதாவின் கணேஷையும் வசந்தையும் பற்றி எழுதுவார்கள். இந்தப் பக்கத்தைப் பற்றி எழுத மாட்டார்கள். வண்டியை ஓட்டியது இதுதான்.

இந்தப் பழக்கம் ராஜேஷ்குமார் காலத்தில் பிறந்ததல்ல. பண்டித நடேச சாஸ்திரி 1894-ல் தானவன் என்ற போலீஸ் நிபுணனைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது அது தனிப் புத்தகம். அடுத்து வந்தவர்களுக்குத் தனிப் புத்தகம் போதவில்லை. ஜே. ஆர். ரங்கராஜு 1908-ல் 'ராஜாம்பாள்' எழுதி, துப்பறியும் கோவிந்தனை ஊர் ஊராகப் பிரபலமாக்கினார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவித் தழுவிக் குவித்தார். வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஒரு படி மேலே போய், தன் கதைகளை வெளியிட 'மனோரஞ்சனி' என்ற மாத இதழையே நடத்தினார். எழுத்தாளரே பதிப்பாளர், அவரே விளம்பரக்காரர். அவருடைய 'மேனகா' 1935-ல் ராஜா சாண்டோ இயக்கத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் நடித்துப் படமானது. 'திகம்பர சாமியார்' 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாகி, எம். என். நம்பியாருக்குப் பல வேடங்களைக் கொடுத்தது. இப்படித் துப்பறியும் கதை கொங்கு மண்டலத்துக்குச் சினிமாக் கொட்டகை வழியாகவும் வந்திருக்கிறது.

நாட்டு விடுதலைக்குப் பிறகு இந்த வியாபாரம் இன்னும் ஒழுங்குபட்டது. அரு. ராமநாதனின் பிரேமா பிரசுரம் மேதாவி, சிரஞ்சீவி, பி. டி. சாமி போன்றவர்களின் மர்மக் கதைகளை வரிசையாகக் கொண்டுவந்தது. தமிழ்வாணன் 'கல்கண்டு' இதழில் சங்கர்லாலை உலாவ விட்டதோடு, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தன்னையே ஒரு பாத்திரமாக்கிக் கொண்டார். கேள்வி பதில் பகுதியில் வாசகரோடு நேருக்கு நேர் பேசினார். எழுத்தாளன் என்பவன் கடிதம் போட்டால் பதில் போடும் ஆள் என்ற எண்ணத்தைத் தமிழ் வெகுசன வாசகருக்குப் பழக்கியதில் தமிழ்வாணனுக்குப் பெரும் பங்கு உண்டு. 1968-ல் சுஜாதா 'நைலான் கயிறு' எழுதி நடையை மாற்றினார். 1969-ல் 'ராணிமுத்து' வந்தது: மாதம் ஒரு முழு நாவல், கடையில் பத்திரிகையோடு பத்திரிகையாகத் தொங்கும். இதற்குப் பிறகு நாவல் வாங்கப் புத்தகக் கடைக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. பெட்டிக்கடை போதும்.

அந்தப் பெட்டிக்கடை எந்த ஊரில் இருக்கிறது என்பதும் முக்கியம்.

திருப்பூரில் முதல் பின்னலாடை ஆலை 1925-ல் வந்ததாகச் சொல்வார்கள். 'பேபி நிட்டிங்' என்ற அதன் பெயரும், அதைத் தொடங்கிய குலாம் காதரின் பெயரும் ஊர் வரலாற்றில் தவறாமல் இடம்பெறும். ஐம்பது ஆண்டு வெள்ளைப் பனியனும் ஜட்டியுமாக உள்நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஊர், எழுபதுகளின் இறுதியில் வெளிநாட்டு வியாபாரிகள் டி-ஷர்ட் தேடி வந்ததும் வேகம் பிடித்தது. எண்பதுகளில் ஏற்றுமதி எகிறியது. 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி நடக்கிறது. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்தும் இன்னும் தெற்கேயிருந்தும் இளவட்டங்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிய காலம் அது. கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனக் கையில் கிடைத்த வேலையில் சேர்ந்தார்கள். வேலை தெரியாத சிறுசுகள் கைமடி என்ற உதவி வேலையில் தொடங்கினார்கள். 1984-ல் பஞ்சப்படி கேட்டு மாதக்கணக்கில் நீண்ட பெரிய வேலைநிறுத்தமும் இந்தத் தலைமுறையின் கதைதான்.

ராஜேஷ்குமாரின் முதல் நாவலும் திருப்பூரின் ஏற்றுமதி யுகமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. தற்செயல்தான். ஆனால் நல்ல தற்செயல். கோவைக்கும் திருப்பூருக்கும் ஐம்பது கிலோமீட்டர் தூரம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பாதி நாவல் முடியும்.

எண்பதுகளின் மாத நாவலை இப்போது கையில் எடுத்துப் பார்த்தால் அது எப்படிப்பட்ட வாசகருக்காகச் செய்யப்பட்டது என்று தெரியும். உள்ளங்கை அகலம். மட்டமான நியூஸ் பிரிண்ட் தாள். முதுகில் பின் அடித்த கட்டு. பளபள அட்டையில் மிரண்ட விழிகளோடு ஒரு பெண்முகம். பக்கத்தில் கத்தியோ துப்பாக்கியோ. கதைக்குச் சம்பந்தம் இருக்கும், இல்லாமலும் போகும். ஒன்றிரண்டு பக்கத்துக்குள் முடியும் அத்தியாயங்கள், ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு தொங்கல். ஒரே இருக்கையில் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். முடியாவிட்டாலும் பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டு இறங்கிவிடலாம்.

பனியன் கம்பெனியில் வேலை நேரத்தில் யாரும் நாவல் படிக்க முடியாது. தைக்கிறவருக்குக் கண்ணும் கையும் துணியில் இருக்க வேண்டும். பீஸ் ரேட்டில் கண்ணை எடுத்தால் கூலி போகும். கியூபாவின் சுருட்டு ஆலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு ஆளை மேடையில் உட்கார வைத்து நாவல் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே சுருட்டினார்கள். அலெக்சாண்டர் டூமாவின் நாவல் மீதிருந்த மோகத்தில் ஒரு சுருட்டுக்கு 'மான்டிகிறிஸ்டோ' என்றே பெயர் வைத்தார்கள். கண்ணூர்ப் பக்கத்து பீடித் தொழிலாளர்களும் இப்படிப் பத்திரிகை வாசிக்கக் கேட்டவர்கள். சுருட்டும் பீடியும் சத்தமில்லாத தொழில். தையல் மிஷின் வரிசை ஓடும் கூடத்தில் அது நடக்காது. அங்கே ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டுதான் எடுபடும். ஆகவே திருப்பூர் வாசிப்பு கம்பெனிக்கு வெளியே நடந்தது. பஸ்ஸில், ஷிப்டு முடிந்த பின் ரூமில், ஞாயிற்றுக்கிழமைப் பகலில்.

அதற்குக் காசு சனிக்கிழமை வரும். திருப்பூரில் சம்பளம் வாரச் சம்பளம். சனிக்கிழமை மாலை கையில் பணம், ஞாயிற்றுக்கிழமை லீவு. சாப்பாட்டுக் கடைக் கணக்கு, ரூம் வாடகை, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மிச்சத்தில் ஒரு சினிமா, ஒரு நாவல். மாதச் சம்பளக்காரர் ஊரில் புத்தகம் ஒன்றாம் தேதிப் பொருள். வாரச் சம்பள ஊரில் அது நான்கு சனிக்கிழமைக்கும் உரிய பொருள். பல பெயர்களில் பல மாத நாவல்கள், மாதத்தின் வெவ்வேறு நாளில் கடைக்கு வந்து தொங்கியது இப்படிப்பட்ட வாசகருக்கு எவ்வளவு வசதி என்று பதிப்பாளர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்! வாங்க முடியாதவர்களுக்கு வாடகை நூலகம் இருந்தது. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கி, படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துக் கால் விலை வாங்கிக்கொள்வதும் நடந்தது. ஒரே பிரதியை ஒரு ரூமே படித்தது.

சென்னையில் ஜி. அசோகன் இந்த முறையை ஒரு தொழிலாகவே நிலைநிறுத்தியவர். 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' என்று அவர் நடத்திய மாத இதழ்களில் எழுத்தாளர் பெயர்தான் பிராண்ட். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்ற கூட்டுப் பெயரில் எழுதிய சுரேஷ்-பாலகிருஷ்ணன், புஷ்பா தங்கதுரை, ராஜேந்திரகுமார், இந்திரா சௌந்தர்ராஜன் ஆகியோர் அந்தக் காலத்துப் பெட்டிக்கடைக் கயிற்றில் க்ளிப் மாட்டித் தொங்கிய பெயர்கள். நாவல் முடிந்ததும் வரும் பக்கத்தில் இவர்கள் வாசகரோடு பேசினார்கள். 'போன இதழில் கொலையாளியை இருபதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன்' என்று பெருமையடிக்கும் கடிதம் வரும். தடயத்தில் ஓட்டை கண்டுபிடித்துக் கேட்கும் கடிதமும் வரும். பெயரும் ஊரும் அச்சில் வந்ததற்காகவே இதழைப் பத்திரப்படுத்தியவர்கள் உண்டு. பனியன் கம்பெனியில் தன் பெயர் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் எழுதப்படாத ஓர் இளைஞனுக்கு, தமிழ்நாடு முழுக்கப் போகும் இதழில் 'திருப்பூர்' என்ற ஊர்ப்பெயரோடு தன் பெயரைப் பார்ப்பது சின்ன விஷயமில்லை.

உலகம் முழுக்க இந்த வகை எழுத்தின் அடித்தளம் தேதிதான். அகதா கிறிஸ்டியின் பதிப்பாளர் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு ஒரு கிறிஸ்டி என்று விற்றார். அலகாபாத்தில் 1952-ல் தொடங்கிய 'ஜாசூஸி துனியா' வழியாக இப்னே ஸஃபி உருது வாசகரை மாதாமாதம் காத்திருக்க வைத்தார். இந்தியில் சுரேந்தர் மோகன் பாடக் டெலிபோன் தொழிற்சாலை வேலையில் இருந்துகொண்டே முந்நூறு நாவல் வரை எழுதினார். மீரட் நகரம் இந்தி மலிவுப் பதிப்புகளுக்கே பேர் போனது. பெல்ஜியத்துக்காரரான ஜார்ஜ் சிமனோன் மேக்ரே என்ற போலீஸ் அதிகாரியை வைத்து மட்டும் எழுபத்தைந்து நாவல் எழுதினார் என்று ஐரோப்பியர் வியப்பார்கள். கோவைக்காரருக்கு அது இரண்டரை வருட வேலை.

எண்ணிக்கை தரமாகிவிடாது. அவசரத்தில் எழுதியவற்றில் அவசரம் தெரியும். ஒரே அச்சில் வார்த்த வில்லன்களும், கடைசி இரண்டு பக்கத்தில் எல்லாவற்றையும் ஒப்பிக்கும் குற்றவாளிகளும் ஏராளம். ஆனால் தொழில்நுட்பத்தைச் சாதாரண வாசகருக்குக் கொண்டுபோனதில் ராஜேஷ்குமாருக்கு நிகர் சொல்வது கடினம். தடய அறிவியல், மரபணுச் சோதனை, மருத்துவ மோசடி போன்றவற்றைப் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட வாசகருக்கும் புரியும்படி வசனத்துக்குள் வைத்தார். 2017-ல் வந்த 'குற்றம் 23' படத்தின் மூலக்கதை அவருடையது. கருத்தரிப்பு மருத்துவத்தைச் சுற்றி அமைந்த மர்மம் அது. கோவையின் சாலைகளையும் குடியிருப்புகளையும் கொலை நடக்கும் இடங்களாகத் தமிழ்நாடு முழுக்கத் தெரியவைத்தவரும் அவர்தான். அதுவரை தமிழ்க் கொலைகள் பெரும்பாலும் சென்னையில்தான் நடந்தன.

திருப்பூருக்கு வந்த பெரிய குற்றங்கள் மட்டும் இந்த நாவல்களின் அளவுக்குள் அடங்கவில்லை. சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றைக் கொன்றது. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதில் சாயத்தைத் தேக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது. உடல் கிடைத்தது, தடயம் கிடைத்தது, ஒற்றைக் கொலையாளி கிடைக்கவில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் செய்த கொலை விவேக்கின் கைக்கு எட்டாது. அதை எழுதத் திருப்பூரிலேயே வாழும் சுப்ரபாரதிமணியன் வேண்டியிருந்தது; 'சாயத்திரை' நாவல் அவருடையது. பாசி நிதி நிறுவன மோசடியும் அப்படித்தான். திருப்பூரை மையமாக வைத்து ஆயிரக்கணக்கானோரிடம் வசூலித்த அந்த வழக்கில் கோவை நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் இரண்டு பேருக்கு 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. நாவலில் இரண்டு மணி நேரத்தில் கிடைக்கும் தீர்ப்பு நிஜத்தில் பத்து ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

தொண்ணூறுகளில் தனியார் டிவி வந்தது. இரவு நேரத் தொடர்கள் மாத நாவலின் தொங்கலை அப்படியே எடுத்துக்கொண்டு தினமும் கொடுத்தன, அதுவும் இலவசமாக. சுபா திரைக்கதைக்குப் போனார்கள். 'அயன்', 'கோ' படங்களில் அவர்கள் பெயர் வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் அமானுஷ்யத்தைச் சின்னத்திரைக்குக் கொண்டுபோனார். 2024 நவம்பரில் மறைந்தார். செல்போன் வந்த பிறகு பஸ் பயண வாசிப்பும் போயிற்று. திருப்பூரின் தொழிலாளர்களே மாறிவிட்டார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளத்திலிருந்து வந்தவர்கள் நிறைந்த கம்பெனியில் தமிழ் நாவல் கைமாறுவதற்கு ஆள் குறைவு.

வேடிக்கை என்னவென்றால், சந்தை சுருங்கிய பிறகுதான் மரியாதை வந்தது. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008-ல் ப்ரீதம் சக்ரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தமிழ் மலிவுக் கதைகளின் தொகுப்பைக் கொண்டுவந்தது. பெட்டிக்கடையில் தொங்கிய எழுத்து, அதே அட்டைப் படப் பாணியோடு, விமான நிலையப் புத்தகக் கடைக்குப் போனது. இலக்கியவாதிகள் சிலர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்கள். தமிழில் கோடிக்கணக்கான முறை புரட்டப்பட்ட பக்கங்களுக்கு ஆங்கிலத்தில் வந்த பிறகுதான் கௌரவம் என்பது நம் இலக்கியச் சூழலைப் பற்றிச் சொல்வது அதிகம்.

அறிவிப்புப் பக்கம் இன்று இடம் மாறியிருக்கிறது. ராஜேஷ்குமாரின் புதிய கதைகள் மின்னூலாகவும் ஒலிநூலாகவும் கிடைக்கின்றன. அடுத்து என்ன என்பது வாசகரின் செல்போனுக்கே வந்துவிடுகிறது. பழைய நாவல்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து, கெட்டித் தாளில், தடித்த தொகுதிகளாகப் புத்தகக் கண்காட்சிக்கு வருகின்றன. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005-ல் தொடங்கிய புத்தகத் திருவிழா, கோவையில் கொடிசியா வளாகத்தில் நடப்பது, திருப்பூரில் பாரதி புத்தகாலயமும் பின்னல் புக் டிரஸ்டும் முன்னின்று நடத்தி வளர்த்தது என மூன்றும் கொங்கு மண்டலத்தின் புதிய பெட்டிக்கடைகள். ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி வாங்கியவர்கள், இப்போது பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்று அதே தலைப்பைத் தேடுகிறார்கள்.

தொகுதியாக மறுபதிப்பு வரும்போது ஒரு நஷ்டம் நடக்கிறது. கதை மட்டும் வருகிறது. கடிதப் பக்கம், கேள்வி பதில், அடுத்த மாத அறிவிப்பு, இடையிடையே வந்த சின்னச் சின்ன விளம்பரங்கள் எல்லாம் விடுபட்டுப் போகின்றன. எண்பதுகளின் திருப்பூரில் யார் படித்தார்கள், என்ன கேட்டார்கள், எதற்குக் கோபப்பட்டார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று அந்தப் பக்கங்கள் மட்டும்தான். நியூஸ் பிரிண்ட் தாள் முப்பது நாற்பது ஆண்டில் பழுத்துப் பொடியாகிவிடும். பொது நூலகங்கள் மாத நாவலை நூலாகவே மதிக்காததால் அங்கே முழு வரிசை கிடைப்பது அரிது. கோட்டையூர் ரோஜா முத்தையா சினிமா நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும்கூடச் சேர்த்து வைத்ததால்தான், அவர் பெயரில் 1994 முதல் சென்னையில் இயங்கும் ஆய்வு நூலகம் இன்று வெகுசனப் பண்பாட்டைப் படிப்பவர்களுக்குக் கைகொடுக்கிறது. திருப்பூர், அவிநாசி, பல்லடம் வீடுகளின் பரணில் இன்னும் மாத நாவல் கட்டுகள் கிடக்கும். எடைக்குப் போடுவதற்கு முன்னால் கடைசிப் பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று ஒரு தரம் பாருங்கள். இருந்தால் இப்படியொரு நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.